சாலட் இலையில் சாம்பல்

“…அதான் பனி காயறதுக்குள்ள தூவிட்டேன். பூச்சி விழுந்தா சாம்பல் போடாம, பின்ன பவுடரா பூசி விடுவாங்க?” என்று அஞ்சலை என்னையே திருப்பிக் கேட்டாள்.

மணி எட்டரை. புதுச்சேரியில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதன் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். கீழே சமையல்கட்டுக்கு வேண்டிய காய், கீரை, வாசனை இலை எல்லாவற்றையும் அந்த மாடியில் வளர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. அன்று மதியம் நாற்பது பேருக்குப் புதுநன்மை விருந்து. பிரான்ஸில் இருக்கிற குடும்பம், பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மையைச் சொந்த ஊர் மாதா கோயிலில் வைத்துக்கொள்ள வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் நேரே எங்களிடம் சாப்பாடு. முதல் தட்டே சாலட். என் கண்ணெதிரில் லெட்யூஸ், பார்ஸ்லி, பேசில், ரூகோலா நாலு பாத்தியும் விபூதி பூசிக்கொண்டு நின்றன.

வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால் தப்பித்திருப்போம். இவள் சரியாகச் செய்திருந்தாள். காய்ந்த இலையில் சாம்பல் போட்டால் தட்டினாலே உதிரும். பனி ஈரத்தில் போட்டால் அப்படியே கவ்விக்கொள்ளும். தோட்டத்தில் எனக்கு உதவிக்கு இருக்கிறவள்; தவளக்குப்பத்துக்கு உள்ளே, அவரையும் கத்திரியும் போடுகிற வீட்டுப் பெண். முதல் பஸ்ஸிலேயே வந்து, இலையைப் புரட்டிப் புரட்டி அடிப்பக்கமும் விடாமல் தூவியிருந்தாள்.

“சவுக்கு வெறகுச் சாம்பல்ண்ணா. சல்லடையில சலிச்சு எடுத்தாந்தேன்” என்று பெருமை வேறு.

தப்பு எங்கே தொடங்கியது என்றால், என்னிடம்தான். முந்தின நாள் சாயங்காலம், “லெட்யூஸ் அடியில அசுவினிப் பூச்சி தெரியுது, காலையில பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, நான் பாட்டுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஈரத்துணியால் துடைத்து எடு என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இதில் இன்னொரு சிக்கல். போன மாதம்தான் ஒரு தொட்டி நிறைய இருந்த, வெங்காயத்தாள் மாதிரியான சைவ்ஸைக் கோரைப்புல் என்று வேரோடு பிடுங்கி எறிந்திருந்தாள். “இன்னொரு தடவை இப்படி நடந்தா அந்தம்மா வேணாம்” என்று முதலாளி அன்றே சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்காரர் முதுகு பிடித்துப் படுத்துக் கிடந்த சமயம். வீட்டுக்கு வருகிற சம்பளம் இவளுடையது ஒன்றுதான்.

இலை பறிக்கக் கூடையோடு மேலே வந்த செஃப் செபாஸ்தியான், படிக்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். நெல்லித்தோப்புக்காரன், கோபம் வந்தால்தான் அவனுக்கு வாய் நன்றாக ஓடும்.

“அண்ணா, வரவங்க புதுநன்மைக்கு வராங்க. நீங்க அவங்களுக்கு நோன்பு தொடங்கற சாம்பல் புதன் கொண்டாடிட்டு இருக்கீங்களே!”

“மார்க்கெட்ல லெட்யூஸ் வாங்கிக்கலாமேப்பா” என்றேன்.

“மெனு கார்டுல ‘எங்க மாடித் தோட்டத்து இலை’ன்னு அடிச்சாச்சு. விருந்து வைக்கிற அந்த மதாம் நேத்து மேல வந்து இந்தப் பாத்தியப் பாத்து, ‘சே மாஞிஃபீக்’, பிரமாதம்னு சொல்லி போட்டோ வேற எடுத்துட்டுப் போனாங்க. இப்ப வந்து எடுக்கச் சொல்லுங்க போட்டோ!”

அஞ்சலைக்கு எங்கள் கூச்சல் புரியவில்லை. “எதுக்கு இப்பிடிக் குதிக்கிறீங்க? எப்பிடியும் அலசித்தான ஆக்கப் போறீங்க?”

“ஆக்க மாட்டாங்க. பச்சையா சாப்பிடுவாங்க.”

“பச்சையாவா?” அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். “ஏன், அவங்க இன்னா மாடா?”

அப்புறம் முகம் மாறிவிட்டது. “எட்டு மாசமாத் தண்ணி ஊத்தறேன். யாரும் ஒரு வார்த்த சொல்லலியே ண்ணா.”

அவள் வீட்டில் வேகாத இலை வாய்க்குள் போனதில்லை. பூச்சிக்குச் சாம்பல், சாம்பலுக்குத் தண்ணீர், பிறகு அடுப்பு. அவள் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை.

அவள்தான் முதலில் வேலையில் இறங்கினாள். மூன்று அண்டாவில் தண்ணீர் பிடித்துக் கல்லுப்பு போட்டாள். லெட்யூஸை வேரோடு எடுத்துத் தலைகீழாகப் பிடித்து முக்கி, அசைத்து, எடுத்தாள். நான் ஒத்தாசை செய்கிறேன் என்று அண்டாவைச் சாய்க்கப் போனேன். விழுந்தது திட்டு.

“தண்ணியச் சாய்க்காத ண்ணா! இலையத் தூக்கு. சாய்ச்சா அடியில நின்னதெல்லாம் திரும்ப இலையிலதான் ஏறும்.”

“கசக்காதீங்கம்மா, கசக்காதீங்க!” என்று செபாஸ்தியான் இன்னொரு பக்கம் குதித்தான்.

லெட்யூஸும் ரூகோலாவும் மூன்று தண்ணீரில் தேறின. சுருட்டை பார்ஸ்லிக்கு ஏழு தண்ணீர். பேசில் கறுத்துப்போயிற்று. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, செபாஸ்தியான் சாம்பல் படாத சுவரோரப் புதினாவை முனகிக்கொண்டே கிள்ளினான்.

பதினோரு மணிக்கு முதலாளி மேலே வந்தார். மாடி வடிகால் வரைக்கும் சாம்பல் தண்ணீர்.

“யார் வேலை இது?”

“நான்தான் சார் சொன்னேன்” என்றேன்.

“அவரு ஒண்ணும் சொல்லல சார். நான்தான் போட்டேன்” என்றாள் அஞ்சலை.

காப்பாற்ற நீட்டின கையைத் தட்டிவிடுகிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேறு வழியில்லாமல் நிஜத்தைச் சொன்னேன். “இது பச்சையா சாப்பிடற இலைன்னு நான் இவங்களுக்கு ஒரு நாளும் சொன்னதில்ல சார். ஒரு இலை தின்னக் குடுத்ததும் இல்ல.”

அவர் கூடையிலிருந்து ஒரு லெட்யூஸ் இலையை எடுத்துக் கடைவாயில் வைத்து மென்றார். மூன்று பேரும், நறநறவென்று சத்தம் வருகிறதா என்று அவர் தாடையையே பார்த்தோம்.

“மண்ணு இல்ல” என்றார். பிறகு என்னிடம், “நாளையிலேர்ந்து அந்தம்மாவுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து வேலை வாங்குங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். நாளையிலேர்ந்து என்றாரே, அது போதும் எனக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்தால், செடியின் பெயரை அப்புறம் சொல்லிக்கொடுங்கள். முதலில் ஒவ்வொரு இலையிலும் ஒன்று கிள்ளி வாயில் போடச் சொல்லுங்கள். இலை எப்படி வாய்க்குப் போகிறது என்று தெரிந்தவர், அதன்மேல் எதைப் போடலாம் என்று தானே யோசித்துக்கொள்வார். பதினெட்டு வருஷத்தில் நான் தாமதமாகக் கற்றது இது.

அன்றைக்கே தொடங்கினேன். கழுவின ரூகோலா ஒன்றை அஞ்சலையிடம் நீட்டினேன். முகர்ந்தாள், சந்தேகமாக மென்றாள், முகம் கோணிற்று.

“உப்பும் இல்ல, புளியும் இல்ல. நாக்க இழுக்குது. இதுக்கா ப்ளேன் ஏறி வராங்க?”

சொல்லிக்கொண்டே இன்னொரு இலையை எடுத்து, அடிப்பக்கம் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டாள்.