ஒரு மண்நாக்கு குறைந்தது

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சித்தப்பா ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தார். தாவரவியலில் காளான் பேப்பரில் மட்டும் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை எழுதுவதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ரெக்கார்டு நோட்டோடு நிஜக் காளான்களையும் கொண்டுபோய்க் காட்டவேண்டுமாம்.

அன்று அவர் கண்டுபிடித்தது கறுப்பு மண்நாக்கு என்ற காளான். விரல் நீளத்தில், மண்ணுக்குள்ளிருந்து யாரோ நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவதுபோல் இருந்தது.

"அடியோட தோண்டணும்மா. கீழ கட்டை இருந்தா அது வேற ஜாதி. வெறும் மண்ணுன்னா இதுதான்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஏழு எடுத்தோம். பிஸ்கட் டப்பாவில் போட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். எட்டு வயதில் அவ்வளவு பெரிய பொறுப்பு! தலைகால் புரியாமல், டப்பாவைப் படியில் வைத்துவிட்டு எதிர்வீட்டுத் தோழியிடம் பீற்றிக்கொள்ள ஓடினேன். திரும்பி வந்தபோது ஆறுதான் இருந்தன. பக்கத்தில் மூன்று வயதுத் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"இன்னாம்மா இது, கொயந்த வாயெல்லாம் கறுப்பா கீது?" என்று பக்கத்து வீட்டு அக்கா அவனைத் தூக்கினார்.

நான் உள்ளே ஓடினேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பிறந்த ஊரில் காளானைப் பூண்டோடு கொதிக்கவைத்துப் பார்ப்பார்கள்; பூண்டு கறுத்தால் விஷம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே மிச்சமிருந்த ஆறையும் அடுப்பில் ஏற்றினாள். கரி நிறத்துக் காளானோடு வெந்தால் பூண்டு வேறென்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பூண்டு கறுத்தது. அம்மா போட்டது போட்டபடி ஆட்டோவுக்கு ஓடினாள்.

நான் சமையலறையிலேயே நின்று அழுதேன். தம்பி செத்துப்போகப் போகிறான், நான்தான் கொன்றுவிட்டேன். ஈரத்தலையோடு வந்த சித்தப்பா என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி ஒண்ணைத் தின்னுட்டான். இது விஷமா சித்தப்பா?"

"சேச்சே" என்றவர், பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்து மென்று விழுங்கினார். "பாத்தியா, ஒண்ணும் ஆகலை."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும், நாடியை மட்டும் அடிக்கடி பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி பன் கேட்டு அடம்பிடித்தான். அவனுக்கு அன்றும் ஒன்றும் ஆகவில்லை, அதன் பிறகும் ஆகவில்லை. சித்தப்பா அவனை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்க்க, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் விரல்கள் அழுத்திப் பிடித்திருந்தது தம்பியின் மணிக்கட்டை அல்ல, தன்னுடையதை. நாடி பார்க்கக்கூடத் தெரியாதவர் இந்த முறையாவது எப்படிப் பாஸாகப்போகிறார் என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது.