படத்தோடு பேசிய அப்பா

இன்று செங்கல்பட்டில் படம் பார்க்கும்போது, பின்வரிசைப் பெரியவர் திரையைப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பேத்தி அதட்டியதும் அடங்கிவிட்டார்.

எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளில் செய்யூர் டூரிங் டாக்கீஸில் ஒரு குடும்பப் படம். மாமியார் கொடுமையில் மருமகள் அழுகிறாள்.

"அது இன்னாத்துக்கு அங்கியே அழுதுகினு கீது? அப்பன் வூட்டுக்கு வர வேண்டியதுதான?" என்று அப்பா உரக்கக் கேட்டார்.

கொட்டகையே சிரித்தது. பதினாறு வயது எனக்கு. வெட்கப்பட்டு எழுந்து, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, "நீ போயிட்டு வாம்மா. எனக்குக் கண்ணு வலிக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் சினிமாவுக்கே வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

எழுபது வயதிலும் கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தவர் அவர்.

உங்கள் வீட்டில் படத்தோடு சண்டை போடுகிறவர் யார்? அவர் பக்கத்தில் எனக்கு ஒரு சீட் பிடித்து வையுங்கள்.