சப்வூஃபர் போட்ட ஒரே ஒரு அடி

போன வாரம் என் நெடுநாள் ஆசை அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஹோம் ஆடியோ சிஸ்டம்!

என் சிடிகளையெல்லாம் தரம் குறையாமல் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறேன். அவ்வளவு பாட்டையும் இத்தனை நாள் கேட்டது எதில் தெரியுமா? லேப்டாப்பின் ஓட்டை ஸ்பீக்கரில். பிரியாணியை டீ டம்ளரில் வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி!

சவுண்ட்பாரா, ஷெல்ஃப் ஸ்பீக்கரா? ப்ளூடூத்தா, வயரா? யூடியூப் ரிவ்யூ பார்த்தே கண் பூத்துப்போனது. கடைசியில் மதுரைக் கடையில் இரண்டு செட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று, ஷெல்ஃபில் வைக்கும் சின்ன ஜோடி. பாடுகிற பெண் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இன்னொன்றில் பேஸ் என்கிற அடித்தொனிக்கென்றே இடுப்பு உயரத்துக்கு ஒரு சப்வூஃபர். டம்மென்று ஓர் அடி... நெஞ்சுக்குள் போய் வந்தது. நான் காலி.

"சின்னதே நல்லாத்தான இருக்கு?" என்றாள் மனைவி ராணி.

"உனக்கு பேஸ் பத்தித் தெரியாது" என்றேன். பெரிய ஆள் நான்!

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். ராணி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேஸ் டெஸ்டுக்கென்றே ஒரு ஃபைல் இருக்கிறது. பாட்டெல்லாம் கிடையாது, ஒரே ஒரு டிரம் அடி. வால்யூமை முழுதாகத் திருகினேன்.

டம்!

ஜன்னல் அதிர்ந்தது. ஆஹா! நான் துள்ளிக் குதித்தேன். பெருமையைக் காட்டலாமென்று வாசலுக்கு வந்தால்... தெருவே வெளியில் நிற்கிறது. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊராயிற்றே! எல்லோரும் வானத்தில் புகை தேடுகிறார்கள். பாதிப் பேர் காதில் போன்.

"அண்ணாச்சி, எங்கன வெடிச்சிருக்கு? ஆமத்தூர்ப் பக்கமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ராணியின் தம்பி செல்வத்தின் பட்டாசு கம்பெனி ஆமத்தூர்ப் பக்கம்தான். தீபாவளி சீசன் வேறு.

ராணி படியில் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "செல்வம் போனை எடுக்க மாட்டேங்கான்..."

"ராணி, அது நம்ம ஸ்பீக்கரும்மா. நான்தான் போட்டேன்."

"இருக்கட்டும். எனக்கு அவன் குரல் கேக்கணும்."

வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆபீஸ் ரூமில் வைத்துவிட்டுத்தான் போவான். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன? மறுபடி மறுபடி அடித்தாள். நான் தெருவிலிருந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவனே கூப்பிட்டான். ராணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். "என்னக்கா, இம்புட்டு தடவை அடிச்சிருக்க?"

கரகரத்த பழைய மொபைல். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல ஒலியை எந்த ஷோரூமிலும் நான் கேட்கவில்லை. ராணி அழுதுவிட்டாள்.

மறுநாளே சப்வூஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சின்ன ஜோடியைத் தூக்கி வந்தேன். ஐயோ, என்ன துல்லியம்! வீணைக் கம்பியில் விரல் உரசுவது கேட்கிறது!

ஞாயிற்றுக்கிழமை செல்வம் வந்தான். கண்ணை மூடி ரசித்தான். "அத்தான், இதுதான் பாட்டு! டம்முதான் வேணும்னா நம்ம கம்பெனிக்கு வாங்க."

நான் உற்சாகமாக அடுத்த பாட்டைத் தேடினேன். ராணி கையை நீட்டித் தடுத்துவிட்டு, தம்பி பக்கம் திரும்பினாள்.

"பாட்டு அப்புறம் கேக்கலாம். நீ பேசுலே."

சிஸ்டத்தை ஆஃப் செய்தேன். வேறென்ன செய்ய?