வலது காதும் விலை கூடிய ஹெட்போனும்

ஒலிப்பொருள் விற்கிறவனுக்கு எதிரி பக்கத்துக் கடைக்காரன் அல்ல, வாடிக்கையாளரின் காதுதான் என்பது இந்தத் தொழிலில் மாரடிக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கிளிநொச்சியில் என் கடையில் விலை கூடிய ஹெட்போன் ஒன்றும், பெரிய ஸ்பீக்கர் சோடி ஒன்றும் இருக்கின்றன. எதில் கேட்பது உண்மையான சத்தம் என்பது அங்கே தீராத வழக்கு.

காலில் செருப்பு

கண்டாவளையிலிருந்து ஓர் அம்மா மகனுக்குப் பரிசு வாங்க வந்தார். கோயில் பூசை ஒலிப்பதிவு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டேன். பரவாயில்லை என்றார். அதையே ஹெட்போனில் போட்டேன். மணி அடிக்கத் தொடங்கியதும் கண்ணை மூடிக் கும்பிட்டவர், திடீரென்று இரண்டு செருப்பையும் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினார். பிறகு என்னைக் கோபமாகப் பார்த்துச் சொன்னார்: "கோயிலுக்குள்ள விடுறதெண்டா முதலே சொல்லுங்கோ தம்பி. காலில செருப்பெல்லோ."

நெஞ்சில் விழும் அடி

இன்னொரு நாள் எங்கள் பக்கத்துத் தவில் வித்துவான் மனைவியோடு வந்தார். தன் கச்சேரிப் பதிவை ஸ்பீக்கரில் போடச்சொல்லி, நெஞ்சில் கைவைத்தபடி கேட்டார். அடி இங்கே விழுகிறது, இதுதான் தவில் என்றார். எனக்கோ ஹெட்போனை விற்க ஆசை. ஸ்பீக்கரில் அறையின் எதிரொலியும் கலந்துவிடும், காதில் மாட்டினால்தான் உள்ளது உள்ளபடி கேட்கும், இது பொய்யே சொல்லாது என்று அளந்துவிட்டு மாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் கறுத்தது. ஹெட்போனைத் தட்டினார், வலது காதைக் குடைந்தார், மறுபடி கேட்டார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அங்கே அவர் வாசிக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "வலது காது போயிட்டுது தம்பி. இனி நாயனக்காரனோட நான் எப்பிடிச் சேர்ந்து வாசிக்கிறது?"

பக்கம் மாற்றினால்

பொய் சொல்லாது என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவரோ கோயிலுக்கு வேறு தவில்காரரை ஒழுங்கு செய்யக் கைபேசியை எடுத்துவிட்டார். அப்போதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி ஞாபகம் வந்தது: ஒரு பக்கம் ஊமையானால், முதலில் இடம் வலம் மாற்றிப் பார். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். இப்போது வலது காது நன்றாகக் கேட்டது, இடதில்தான் ஒன்றுமில்லை. பழைய பூசைப் பதிவைப் போட்டேன். இரண்டு காதிலும் மணி கேட்டது.

குற்றம் காதிலும் இல்லை, ஹெட்போனிலும் இல்லை. கச்சேரியைப் பதிந்தவர் ஒற்றை மைக்கைப் பதிவின் இடது பக்கத்தில் மட்டும் ஏற்றியிருக்கிறார். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடினாலும் சத்தம் அறையை நிறைத்து இரண்டு காதுக்கும் போய்விடும் என்பதால், தொழில்காரனான நானே கவனிக்கவில்லை. வித்துவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை: "அப்ப நான் குசினியில சமைச்சுக்கொண்டு கூப்பிடுறதெல்லாம் இவ்வளவு வருசமும் உங்களுக்கு வடிவாக் கேட்டிருக்கு, என்ன?"

வித்துவான் ஸ்பீக்கரைத்தான் வாங்கிப்போனார். அளவுக்கு மிஞ்சி உண்மை பேசும் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக எந்தக் குடும்பக்காரனுக்கும் துணிவு வராது.