கோமாரின் நத்தை பியர்

பாட்டில் மூடியைத் திறந்ததுமே லீவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எந்த வெள்ளை பியரையும் திறக்கும் முன் செய்வதுபோல, பாட்டிலை மேசைமீது படுக்கவைத்து முன்னும் பின்னும் உருட்டித்தான் திறந்தாள். அடியில் தங்கிய மண்டி மேலே கலந்தால்தான் கோதுமை பியர் பால்போல வெளுத்து வரும். இன்று வந்த மண்டி வெளுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் நூல் நூலாக, மூக்குச் சளியைப் போலத் தொங்கிக்கொண்டு கிளாசுக்குள் இறங்கியது.

ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி முகர்ந்தாள். ஒரு முறை முகர்ந்ததை வைத்து அவள் எதையும் தீர்மானிப்பதில்லை. முதலில் கொத்தமல்லி விதை வந்தது, சரியாகவே இருந்தது. அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல். அதற்கும் பின்னால், வெயிலில் நிறுத்திய காருக்குள் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மீன் வாளி.

"கோமா, இங்க வாடா."

சலவை அறையின் வாசலில் வந்து நின்ற கோமாருக்கு ஐம்பத்து நான்கு வயது. அக்காவைவிட ஏழு வயது இளையவன். நல்ல நீளமான மூக்கு, ஆனால் அதனால் எந்தப் பயனும் இல்லை. இருபத்தெட்டு வருடமாகப் பன்றிப் பண்ணைகளின் கழிவுக் குழம்பை டாங்கரில் உறிஞ்சி, பீட் கிழங்கு வயல்களில் உரமாகத் தெளிக்கிற வேலை. மூக்கு எந்த வருடத்தில் செத்தது என்று அவனுக்கே தெரியாது. ரொட்டிக் கடையில் அவன் நுழைந்தால் வரிசை தானாக விலகும். அவன் தரையைப் பார்த்தபடியே ரொட்டியின் பெயரைச் சொல்லி வாங்கி வருவான். ஆனால் ஊர்ச் சாலையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாத டாங்கர்க்காரன் ஹௌட்டம் ஊரில் அவன் ஒருவன்தான். அவன் தெளித்த வயலில் கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருக்கும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் லீவா இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

பதினொரு வருடமாக இருவரும் அவளுடைய சலவை அறையில் பியர் காய்ச்சுகிறார்கள். பாதி முளைகட்டாத கோதுமை, பாதி முளைகட்டி உலர்த்திய பார்லி. தூக்குவது, அரைப்பது, கிளறுவது எல்லாம் அவன். முகர்வது அவள். மருத்துவமனைத் துணிகளுக்கு முப்பத்தைந்து வருடம் இஸ்திரி போட்டவள் அவள். மடிப்பில் ஒட்டியிருக்கும் கறையைப் பார்க்கும் முன்பே மூக்கால் கண்டுபிடித்துவிடுவாள். கொத்தமல்லியை எப்போது போடுவது, ஆரஞ்சுத் தோலைப் பையில் கட்டி எத்தனை நாள் ஊறவிடுவது என்று எல்லாவற்றையும் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறாள். இந்த முறை மட்டும் அவன் தனியாகச் செய்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

"என்னடா போட்ட இதுல?"

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா சொன்னேன்? என்ன போட்டன்னு கேட்டேன்."

"கடல் நத்தை. ரெண்டு கிலோ. கொஞ்சம் செலரி, மிளகு. திருவிழா வண்டியில அந்தச் சூப்பத்தான எல்லாரும் கிண்ணத்த நக்கி நக்கிக் குடிக்கிறாங்க."

"எவ்வளவு நேரம் கொதிச்சுது?"

"கால் மணி நேரம்."

"அப்புறம் வெளிய எடுத்துட்டல்ல?"

கோமார் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "பையோட பீப்பாயிலயே விட்டேன். ஒம்பது நாள். சுவத்துல நீ எழுதி வெச்சிருக்க மாதிரி."

"அது ஆரஞ்சுத் தோலுக்குடா."

ஆகஸ்ட் மாத வெக்கையில் ஒன்பது நாள். அந்தப் பை இப்போது எங்கே என்று கேட்டாள். குப்பைத் தொட்டியில் என்றான். மூன்று நாளாக வாசலில் அடித்த வாடை எது, தெருநாய்கூடத் தன் வீட்டுப் பக்கம் வராதது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கொட்டிடலாம் கோமா. கடையில ரெண்டு பெட்டி வாங்கி நாளைக்கு ஊத்திக்கலாம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"ஓடிலோன் நினைப்பான்."

ஜூன் மாதம் வில் சங்கத்துப் போட்டியில், உயரக் கம்பத்தின் உச்சியில் இருந்த மரப்பறவையைக் கோமார் ஒரே அம்பில் விழ வைத்தான். அதனால் இந்த வருடம் அவன்தான் அரசன். அரசனானவன் செப்டம்பரின் முதல் ஞாயிறன்று சங்கத்துக்கே பியர் ஊற்ற வேண்டும். அந்த ஞாயிறு நாளை. ஜெயித்த அன்று அவனைத் தோளில் தூக்கியவர்களில் சங்கச் செயலாளர் ஓடிலோனும் ஒருவர். தோளில் இருந்து இறக்கிவிட்ட கையோடு அவர் கேட்டார்: "ஆமா, நீ ஊத்தப் போறது உன் பியரா, உங்கக்கா பியரா?" எல்லோரும் சிரித்தார்கள். லீவாவும் சிரித்தாள். தம்பி சிரித்தானா என்று அன்று அவள் பார்க்கவில்லை.

"பதினோரு வருஷமா நல்ல பியர்" என்றான் கோமார். "ஊர்ல அதுக்குப் பேரு லீவா பியர். இது நாறினா நாறட்டும் அக்கா. என்னோடது."

லீவா கிளாசைத் தொட்டியில் கவிழ்த்தாள். நூல்கள் தொட்டியின் சல்லடையில் சிக்கிக்கொண்டு போக மறுத்தன. விரலால் தள்ள வேண்டியிருந்தது. சோப்புப் போட்டு நான்கு முறை கழுவிய பிறகும் விரலில் அந்த வாடை இருந்தது.

"சரி, உருட்டாமயாவது ஊத்து. மண்டி அடியிலயே கெடந்தா பாதி நாத்தம் கொறையும்."

"வெள்ளை பியர உருட்டாம ஊத்தற அரசனா? அதுக்கு டாங்கர்லயே கொண்டுபோய் ஊத்திடலாம்."

மறுநாள் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு மூன்று முறை இஸ்திரி போட்டாள். மார்பில் அரசனின் வெள்ளித் தகடுகளை அவளே மாட்டிவிட்டாள். கோமாருக்கு மனைவி கிடையாது. ஆகவே சங்க வழக்கப்படி ராணியும் அவள்தான்.

ராணிக்கு ஒரே ஒரு வேலை. அரசனின் பியரை முதலில் அவள் குடிக்க வேண்டும். கிளாசின் அடியில் ஒரு விரல் அளவு மிச்சம் வைத்தால், மற்றவர்களும் விருப்பம்போல மிச்சம் வைக்கலாம். காலி செய்துவிட்டால், யாரும் ஒரு சொட்டு வைக்கக் கூடாது. அரசன் காய்ச்சியது மோசமாக இருந்தால் எல்லோரையும் காப்பாற்ற யாரோ எந்தக் காலத்திலோ ஏற்படுத்திய ஏற்பாடு அது. ஆனால் ராணி மிச்சம் வைத்த அரசனை அந்த ஊர் சாகும்வரை மறக்காது.

சங்கக் கூடத்து மேசைகளில் பாட்டில்கள் உருண்டன. மூடிகள் திறந்தன. பிறகு நாற்காலிகள் மேசையை விட்டுப் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஒரு பெண்மணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமுவதுபோலப் பாவனை செய்தாள். எல்லாக் கண்களும் லீவாவின் கைக்கு வந்து சேர்ந்தன. மிச்சம் வை என்று கெஞ்சின.

லீவா கிளாசைத் தூக்கினாள். மூச்சை அடக்கியும் அந்த வாடை வாய் வழியாக ஏறியது. முதல் வாயில் செலரியும் மிளகும். இரண்டாம் வாயில் சேறு. பாதியில் வழவழவென்று ஏதோ ஒன்று நாக்கின்மேல் ஏறி, போகவா வேண்டாமா என்பதுபோலத் தொண்டையில் நின்றது. போதும், கீழே வைத்துவிடலாம் என்று நினைத்துத் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ரொட்டிக் கடையில் நிற்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் விழுங்கினாள். அடிவரை குடித்துவிட்டுக் கிளாசை மேசைமீது கவிழ்த்தாள்.

"லீவா, நெசமாவே நல்லாருக்கா?" என்று கேட்டார் ஓடிலோன்.

"நல்லாருக்குன்னு நான் சொல்லலையே. குடிச்சிட்டேன். இனி உங்க முறை."

ஓடிலோன் குடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கிளாசைக் கீழே வைக்கவில்லை. கடைசி மடக்கு இறங்கியதும் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டார்.

"எந்த மூக்குய்யா இதுக்குச் சம்மதம் சொல்லிச்சு?"

"எந்த மூக்கும் இல்லீங்க" என்றான் கோமார். "முழுக்க என் கை."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. குமட்டலும் சிரிப்புமாக ஒவ்வொருவராகக் குடித்து முடித்தார்கள். லீவா கவிழ்ந்த கிளாசுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசிக் கிளாசும் கவிழ்ந்த பிறகுதான் எழுந்து, வில்களை வைக்கும் கொட்டகையின் பின்புறம் போய், செந்தட்டிப் புதரில் மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள். இஸ்திரி போட்ட கைக்குட்டையால் வாயைத் துடைத்து, கறை உள்ளே போகும்படி மடித்துப் பையில் வைத்தாள்.

கோமார் தண்ணீர்க் குவளையோடு வந்து நின்றான்.

"நெசத்தச் சொல்லுக்கா. எப்படி இருந்துச்சு?"

"கடல் செத்து மூணு நாள் ஆன மாதிரி."

"ஒருத்தரும் மிச்சம் வெக்கல."

"வெக்கல. நாப்பத்தியொரு கிளாஸ், எண்ணிட்டேன்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மார்பில் வெள்ளித் தகடு ஒன்று கோணலாகத் தொங்கியது. அவள் அதை நேராக்கினாள். அவள் விரலில் இன்னும் நேற்றைய வாடை இருந்தது.

"பதினெட்டு பாட்டில் மீதி இருக்கு" என்றான்.

"உன் டாங்கர்ல ஊத்திடு."

கோமார் கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம்க்கா. பன்னிக் குழம்பு கெட்டுப் போயிடும்."

லீவா சிரிக்கத் தொடங்கி, உடனே நிறுத்திக்கொண்டு, மறுபடி புதர்ப் பக்கம் திரும்பினாள்.