சந்தனம் பூசிய ஸ்பீக்கரின் குரல்

போன தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை குத்தாலம் போனேன். கோயில் பார்க்க அல்ல, ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் குரலைப் பிடித்துவர. சிரிக்காதீர்கள். என் நண்பன் சரவணன் பதினோரு வருஷமாகக் கச்சேரிகளில் கித்தார் வாசித்த பெட்டி அது. மறுநாள் விடிகாலை அவன் தோஹாவுக்கு வேலைக்குப் போகிறான். இருபத்தெட்டு கிலோவை விமானத்தில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதிராம்பட்டினத்து நண்பருக்குக் கொடுத்துவிட்டான். மாலை ஐந்துக்கு வண்டி வந்துவிடும்.

கும்பகோணத்தில் 7.40க்குப் பஸ். இருபத்து நாலு கிலோமீட்டர்தான், ஆனால் ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்ததால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

வேலை இதுதான். அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரல் வரை ஏறும் ஒரு ஊளைச் சத்தத்தைப் பெட்டியில் ஓடவிட்டு, மைக்கில் பதிய வேண்டும். அதிலிருந்து பெட்டியின் தன்மையை மட்டும் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். அந்த ஃபைல் இருந்தால் ஹெட்ஃபோனில் வாசித்தாலும் அந்தப் பெட்டியில் வாசித்த மாதிரியே கேட்கும்.

ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜை நிறுத்தி, 10.20க்கு முதல் பதிவு. சரவணன் ஹெட்ஃபோனை மாட்டி நாலு வரி வாசித்தான். முகம் விழுந்துவிட்டது. ஈயப் பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரே கூர்மை. "இது என் பெட்டியே இல்ல மாப்ள" என்றான். மைக்கை நகர்த்தி நகர்த்தி ஒரு மணி நேரம் போராடினேன், ஒன்றும் நடக்கவில்லை.

அவன் மனைவி தேன்மொழிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கரின் நடுக் குமிழில் அவள் சந்தனமும் குங்குமமும் வைப்பாளாம். அது ஏடு ஏடாகக் காய்ந்து கிடந்ததை நேற்றுத்தான் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தாளாம். "பெட்டிய நல்லா தொடச்சு வைக்கணும்னு நீங்கதான போன்ல சொன்னீங்கண்ணே?"

சொன்னது நான்தான். என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது! கீச்சை இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது அந்தச் சந்தனக் கனம்தான்.

அவளே உரைத்துப் பூசினாள். காய்வதற்குள் சாப்பாடு. பிறகு ஒரு பதிவு, போதவில்லை. மறுபடி பூச்சு, மறுபடி காத்திருப்பு. மூன்றாவது பூச்சுக்குப் பிறகு, 4.25க்கு எடுத்த பதிவில் சரவணன் இரண்டு வரி வாசித்து நிறுத்தினான். கண் கலங்கியிருந்தது. ஹெட்ஃபோனைத் தேன்மொழியின் காதில் வைத்துவிட்டு மறுபடி வாசித்தான்.

இப்படிப் பெட்டி தேடிப் போகிறவர்களுக்கு: அறுவடைக் காலமென்றால் பஸ்ஸுக்கு அரை மணி கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மைக், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி இருக்கட்டும். தூசி தட்டச் சொல்லித் தொலைக்காதீர்கள், பெட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே எடுங்கள்.

பெட்டி வண்டியில் ஏறிய பிறகு தேன்மொழி என்னிடம் வந்தாள். "அந்த ஃபைல என் போன்லயும் போட்டுவிடுங்கண்ணே."

கித்தார் சேராமல் அதைத் தனியாக ஓடவிட்டால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்தான் வரும், அரை நொடிகூட இருக்காது என்று விளக்கினேன்.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். போனைக் காதோடு வைத்து ஒரு தடவை கேட்டாள். பிறகு இன்னொரு தடவை.