நெற்றிக்குப் போட்டுக்கொண்ட ஊசி

நசரத்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் என் முகத்தைத் திரையில் இரண்டு விநாடிக்கு மேல் பார்த்தவர்களும் கிடையாது. சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது என் பிழைப்பு. முப்பத்தைந்து வருஷமாக நிற்கிறேன். படிப்பு எனக்கு மூன்றாவதோடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான்.

கூட்டத்திலும் இரண்டு கூட்டம் உண்டு. கல்யாண மண்டபம், பங்களா, பார்ட்டி என்றால் அதற்கு நிற்கிறவர்களை ரிச் என்பார்கள். குடிசை, சந்தை, தண்ணீர் லாரி வரிசை என்றால் லோக்கல். ரிச்சுக்கு உட்கார நாற்காலி வரும். பட்டுப்புடவையும் நகையும் நாமே கொண்டுபோக வேண்டும். நான் முதல் நாளிலிருந்து ரிச். என் உயரமும் மூக்கும் அப்படி. அதற்காக ‘கீது’, ‘ஊடு’ எல்லாவற்றையும் வாயிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். கூட்டத்தில் நிற்கிறவள் பேச்சை எந்த மைக்கும் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் எடுத்தேன்.

பக்கத்துப் போர்ஷன்காரி என் சிநேகிதி. என் வயதுதான், என் உயரம்தான், அவளும் இதே தொழில். அவள் லோக்கல். விடிகாலையில் இரண்டு பேரும் ஒரே வேனில் ஏறுவோம். இறங்கியதும் அவள் ஒரு பக்கம் போவாள், நான் ஒரு பக்கம் போவேன்.

இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: கன்டினியூட்டி. ஒரு காட்சியைப் பாதி இன்றைக்கு எடுத்து, மீதியை இரண்டு மாதம் கழித்து எடுப்பார்கள். திரையில் அது ஒரே நாள். அதனால் அன்றைக்கு நின்ற மாதிரியே மறுபடியும் நிற்க வேண்டும். அதே புடவை, அதே பூ, அதே வளையல். பொட்டு ஒரு நூல் கீழே இறங்கினால்கூட உதவி இயக்குநர் போனில் எடுத்து வைத்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் என் கன்டினியூட்டி ஒருநாளும் தப்பியதில்லை. எந்த மடிப்பில் பின் குத்தினேன், முந்தானை எந்தத் தோளில் எத்தனை விரல் அகலம் இருந்தது, எல்லாம் தலைக்குள் இருக்கும். எழுதி வைக்கத் தெரியாதவளுக்கு ஞாபகம்தான் நோட்டு.

போன வருஷம் ஒரு கல்யாணக் காட்சி. மணப்பெண்ணின் அம்மாவுக்குப் பின்னால் என்னை நிறுத்தியிருந்தார்கள். டைரக்டர் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். “அந்த அரக்குப் புடவை அம்மா, மாப்பிள்ளையோட அம்மா உள்ள வர்றப்ப நீங்க புருவத்தைத் தூக்கி, பக்கத்துல இருக்கறவங்களைப் பாருங்க. ‘இவளுக்கு வந்த வாழ்வைப் பாரு’ன்னு.”

அதுவரைக்கும் எனக்கென்று யாரும் ஒரு பாவனை கொடுத்ததில்லை. தூக்கினேன். ஒரே டேக். அத்தோடு அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது. கதாநாயகிக்கு வேறு ஊரில் வேலை, அவர் வந்த பிறகு மீதி என்றார்கள்.

வேனுக்குப் போகும்போது ஏஜென்ட் என் கூடவே நடந்து வந்தான். ஆட்களைக் கூட்டிப்போகிறவன் அவன்தான்.

“யக்கா, கோச்சுக்காதீங்க. டைரக்டரு மானிட்டர்ல பாத்துட்டு, நெத்தியில கோடு கோடா கீதேன்னாரு. ரிச்சுக்கு இனிமே கொஞ்சம் பளிச்சுனு வேணுமாம்.”

“பளிச்சுன்னுன்னா?”

“இந்தக் கல்யாணம் முடியறவரைக்கும் நீங்கதான். கன்டினியூட்டி கீதே. அதுக்கப்புறம் லோக்கல்ல போட்டு வுடறேன். வேலை போவாது, கவலப்படாதீங்க.”

வேலை போகாது என்றால் வேறென்ன போகும் என்று அவனுக்குத் தெரியாது. நான் வேனில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பூந்தமல்லி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

வானகரத்தில் ஒரு தோல் ஆஸ்பத்திரி இருக்கிறது. என்னோடு ரிச்சில் நிற்கும் ஒருத்தி அங்கே போய் வந்தவள். நானும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையான பேச்சு.

“ரெண்டு விதமா ஊசி இருக்கும்மா. ஒண்ணு, சுருக்கம் போடற தசையைத் தளர்த்தி விடும். நெத்திக்கு, புருவ நடுவுக்கு, கண்ணோரத்துக்கு. நாலஞ்சு நாள்ல தெரிய ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல முழுசா பிடிக்கும். மூணு நாலு மாசத்துல தானா போயிடும். இன்னொண்ணு ஜெல் மாதிரி. மூக்கோரத்துலேர்ந்து வாய்க்கு இறங்குதே, இந்தப் பள்ளத்தை நிரப்பறதுக்கு. போட்ட அன்னைக்கே தெரியும், ரெண்டு நாள் வீங்கும், ஆனா ரொம்ப நாள் நிக்கும்.”

“ரெண்டுல எது நல்லது?”

“நல்லது கெட்டது இல்லம்மா. எந்தக் கோடு உங்களை உறுத்துதோ அதுக்குத் தகுந்தது. இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க வயசுல சும்மா இருக்கும்போதே தெரியற கோடு சுத்தமா மறையாது. குறையும், அவ்வளவுதான்.”

“பிடிக்கலேன்னா எடுத்துடலாமா?”

“ஜெல்லுன்னா வேற ஊசி போட்டுக் கரைக்கலாம். தசை ஊசியைக் கரைக்க முடியாது. அதுவா போற வரைக்கும் காத்திருக்கணும்.”

இரண்டும் போட்டுக்கொள்ள எனக்குச் சக்தியில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒரு வாரம் கண்ணாடியும் கையுமாக இருந்தேன். சிநேகிதி வாசலில் நின்று சிரித்தாள்.

“இன்னாடி முடிவு பண்ண? காத்த புடுங்கறதா, காத்து அடிக்கிறதா?”

“சும்மா இருடி.”

“மூஞ்சிய பஞ்சர் கடையில வுட்டுட்டு, எந்த டயருன்னு பாத்துகினு கீற. எனுக்கு இந்த சுருக்கம் கீறதாலதான் கூப்புடறான். நீ இன்னாத்துக்கு இத்த வுட்டு ஓடற?”

“உனக்குப் புரியாது.”

“புரியாம இன்னா? என்கூட லாரி வரிசையில வந்து குடத்தோட நிக்க உனுக்கு மனசு வரல. அத்த சொல்லேன்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

டைரக்டர் சொன்னது நெற்றியை. லைட்டும் மேலேயிருந்துதான் விழும். தசை ஊசி தானாகப் போய்விடும் என்பதும் எனக்குத் தைரியமாக இருந்தது. ஜெல் என்றால் வேறொரு பொருள் முகத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தசை ஊசி போனால் பழையபடி நான்தான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். மறுபடியும் போய் நெற்றியைக் காட்டினேன்.

ஊசியை எடுக்கும்முன் டாக்டரம்மா கேட்டார். “பக்கத்துல ஏதாவது விசேஷம், கல்யாணம்னு இருக்கா?”

“ஒரு கல்யாணம் பாதியில நிக்குதும்மா” என்று சிரித்தேன். அவருக்கு விளங்கவில்லை, அவரும் சிரித்தார். அன்றைக்கு நான் விவரமாகச் சொல்லியிருந்தால், அந்தக் கல்யாணம் முடிந்தபிறகு வாங்க என்றிருப்பார். கதாநாயகி வர மாதக்கணக்காகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எறும்பு கடித்த மாதிரி பத்துப் பதினைந்து குத்து. அதற்கு முன்பே சம்மதப் படிவத்தில் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் நெற்றி வழவழவென்று ஆனது. ஆழமாக விழுந்திருந்த ஒரு கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது. நான் தினம் கண்ணாடி பார்த்தேன், ஆனால் புருவத்தைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. கல்யாணத்தின் மீதி. சிநேகிதியும் வந்தாள். மண்டபத்துப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களாக நாலு பேர் வேண்டுமாம்.

அரக்குப் புடவை, இரண்டாவது மடிப்பில் பின், இடது பக்கம் மூன்று கண்ணி பூ. எல்லாம் சரியாக இருந்தது. உதவி இயக்குநர் ஒரு சின்னப் பெண். போனைப் பார்த்து, என்னைப் பார்த்து, தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அன்றைக்கு எடுத்ததையே இப்போது கதாநாயகியோடு வேறு கோணத்தில் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். நான் புருவத்தைத் தூக்கினேன்.

“அம்மா, புருவம்!”

“தூக்கறேன்மா.”

“தூக்கலையே. இன்னொரு தடவை.”

உள்ளுக்குள் நான் தூக்குகிறேன். வெளியே ஒன்றும் அசையவில்லை. மூன்று டேக் போனது. டைரக்டர் வாட்சைப் பார்த்தார். அந்தப் பெண் போனோடு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தாள். படத்தில் என் நெற்றியில் நாலு கோடும் வரப்பு மாதிரி எழும்பி நின்றன.

“முகத்துக்கு என்னம்மா பண்ணீங்க?”

“ஊசி போட்டுக்கிட்டேன்.”

“ஐயோ, கன்டினியூட்டி தெரியாதாம்மா உங்களுக்கு?”

எனக்கு. என்னைக் கேட்டாள். பொட்டையும் பூவையும் முப்பத்தைந்து வருஷம் காத்தவளுக்கு, முகமும் அதில் சேர்த்தி என்று ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை.

டைரக்டர் சுற்றிப் பார்த்தார். “இந்த உயரத்துல, நெத்தியில கோடு இருக்கற அம்மா வேற யாராவது? பாதி முகம் திரும்பி நின்னா போதும்.”

ஏஜென்ட் பின்கட்டுக்கு ஓடினான். கையில் சாம்பலோடு இருந்த சிநேகிதியைக் கூட்டி வந்தான்.

புடவை என்னுடையது, அதற்கு மாற்று இல்லை. பெண்கள் அறையில் நான் அவிழ்த்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

“நா முடியாதுன்னு சொல்லிடட்டா? வவுத்து வலின்னு சொல்லிகினு ஊட்டுக்குப் போயிடறேன்.”

“கையத் தூக்கு.”

“ஏ, என்னப் பாருடி.”

“அசையாத. பின் ரெண்டாவது மடிப்புல.”

நானே கட்டிவிட்டேன். பூவை இடது பக்கம் வைத்தேன். பொட்டை என் நெற்றியிலிருந்து எடுத்து அவள் நெற்றியில், கோடுகளுக்கு நடுவில், நூல் பிசகாமல் ஒட்டினேன். அவள் கழற்றிப் போட்ட சாயம்போன நூல் புடவையைச் சுற்றிக்கொண்டேன். ஆள் கணக்குக் குறையக்கூடாது என்று ஏஜென்ட் என்னைப் பின்கட்டில் உட்காரச் சொன்னான். குண்டான் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். முதல் டேக்கிலேயே “சூப்பர்மா” என்று டைரக்டர் குரல் கேட்டது.

வேனில் திரும்பும்போது அவள் ஒரு கேலியும் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு தினம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கிப் பார்ப்பேன். நாலாவது மாதம் ஒருநாள் இடது பக்கம் லேசாக எழும்பியது. பிறகு வலது பக்கம். கோடு நாலும் திரும்பி வந்து, முன்பிருந்த இடத்திலேயே உட்கார்ந்தன.

அந்த வாரமே ஏஜென்ட் பேசினான். “யக்கா, நாளைக்கு தண்ணி லாரி சீனு. பழைய பொடவையா கட்டினு வாங்க. குடம் அவுங்களே குடுப்பாங்க.” போனேன். இப்போதெல்லாம் அதற்குத்தான் போகிறேன். அங்கே நாற்காலி கிடையாது.

அந்தக் கல்யாணத்தில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறதாம். கன்டினியூட்டி இப்போது சிநேகிதியின் முகம், அதனால் அரக்குப் புடவை அவள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. நேற்று வாசலில் வந்து நின்று, கூப்பிட்டிருக்கிறார்கள், நாளைக்குப் போக வேண்டும் என்றாள். இந்த முறை அவளே கட்டிக்கொள்கிறாளாம். பின் எந்த மடிப்பில் என்று கேட்டாள். சொன்னேன்.